மரமீனின் உதட்டுக்கு ஒரு காடி

(கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நிகழ்ச்சி நிரலில் என் உரையின் தலைப்பைப் படித்துவிட்டு, 'இது மீன்வளத் துறைக் கூட்டமா, நம்ம கூட்டமா?' என்று பின்வரிசையில் ஒரு நண்பர் கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். கோணம், சமச்சீர், அளவீட்டுப் பிழை இந்த மூன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் மூன்றையும் ஒரு மரத்துண்டின் வழியாகவே பேச முடியும். அதனால் முதலில் அந்த மரத்துண்டைப் பார்த்துவிடுவோம்.

இதோ என் கையில் இருப்பது மரத்தில் செய்த பொய்மீன். தூண்டில் போடுகிறவர்கள் 'லூர்' என்பார்கள். புழுவோ இறாலோ கோக்காமல் இதையே நூலில் கட்டி வீசி இழுப்பார்கள். இழுக்கும்போது உண்மையான சிறுமீன் போல வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முக்குளித்து ஓடும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். ஆட்டத்தையும் முக்குளிப்பையும் பெருமளவு தருவது தாடையிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சின்னத் தகடு. இதற்குப் பெயர் உதடு. தாடையில் ஒரு மெல்லிய காடி அறுத்து, அதில் உதட்டைச் செருகி ஒட்டியிருக்கிறோம். அந்தக் காடிதான் இன்றைய பாடம்.

இந்தப் பொருளுக்குப் பல நாடுகளில் முன்னோடிகள் உண்டு. எனக்குப் பிடித்தது பின்லாந்துக்காரர் ஒருவரின் கதை. பெயர் லௌரி ராப்பலா. பையானே என்னும் பெரிய ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்த ஏழை. ஏரியில் படகை ஓட்டியபடி சிறுமீன் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தவருக்கு ஒன்று பிடிபட்டது. வேட்டையாடும் மீன் கூட்டத்தின் நடுவில் புகுந்து எதையாவது கவ்வுவதில்லை. சற்றே தள்ளாடி, மற்றவற்றிலிருந்து மாறுபட்டு நீந்துகிற ஒன்றைத்தான் குறிவைக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தை மரத்தில் கொண்டுவர முடியுமா என்று 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கினார். மேலே மினுமினுப்புக்கு சாக்லேட் சுற்றி வந்த தகட்டுத் தாள். அதன் மேல் நீர் புகாமல் இருக்கப் புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசினார். பிறகு அது பெரிய நிறுவனமாக வளர்ந்ததும், 1962இல் அமெரிக்க 'லைஃப்' இதழில் கட்டுரை வந்து விற்பனை எங்கோ போனதும் தனிக்கதை. நமக்கு வேண்டியது, ஒவ்வொரு பொய்மீனையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, நேராக ஓடுகிறதா என்று சோதித்த பிறகே வெளியே அனுப்பும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை என்பதுதான்.

அதே பையானே ஏரியின் வடகோடியில் யுவாஸ்குலா என்ற ஊர் இருக்கிறது. பின்லாந்தின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1863இல் தொடங்கியது அங்கேதான். அதற்குத் தலைமை ஏற்ற உனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால், 1866இல் வந்த பள்ளிச் சட்டத்தில் கைவேலை ஒரு கட்டாயப் பாடமாயிற்று. தொழில் பழக்குவதற்காக அவர் அதை வைக்கவில்லை. கண்ணும் கையும் அறிவும் சேர்ந்து வளர வேண்டும் என்பதற்காக வைத்தார். நம் நாட்டில் 1937 வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தார். இந்த இரண்டையும் நாம் பி.எட். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்து, எழுதி, மறந்துவிட்டோம். போகட்டும்.

மரத்துக்கு வருவோம். நான் பயன்படுத்துவது ஏழிலைப்பாலை. லேசான, மென்மையான மரம். இதன் அறிவியல் பெயரில் 'ஸ்காலரிஸ்' என்று ஒரு சொல் வரும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பலகை செய்ய இந்த மரம் பயன்பட்டதால் வந்த பெயர் அது. நம் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான மரம் வேறில்லை. தச்சுப் பட்டறையில் 90 மி.மீ. நீளம், 22 மி.மீ. உயரம், 16 மி.மீ. அகலத்தில் சதுரக் கட்டைகளாக இழைத்து வாங்கிக்கொள்கிறேன். எல்லா முகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

கட்டையைக் கொடுத்ததும் பிள்ளைகள் எல்லாரும் செய்ய விரும்புவது ஒன்றே. மீன் வடிவத்தை வரைந்து உடனே செதுக்க வேண்டும். வால், வயிறு, கண். அழகாக வரும். ஆனால் வளைவாகச் செதுக்கி முடித்த உடம்பில் காடி எங்கே அறுப்பது? மூலைமட்டம் உட்காரத் தட்டையான முகம் இல்லை. கோணமானியின் அடிக்கோட்டைப் பொருத்த நேரான விளிம்பு இல்லை. ரம்பப் பல் உருண்டையான தாடையில் வழுக்கி எங்கேயோ போகும். ஆகவே இந்த வேலையில் வரிசை மாறக்கூடாது. கட்டை சதுரமாக இருக்கும்போதே நடுக்கோடு போட வேண்டும். காடியை அறுக்க வேண்டும். வளையத் திருகுக்குத் துளை போட வேண்டும். பிறகுதான் மீன் உருவம். இதை நான் முன்கூட்டியே விளக்கிச் சொல்வதில்லை. உருண்டையாகச் செதுக்கிய ஒரு மீனையும் ஒரு கோணமானியையும் கொடுத்து, 'இதில் 35 பாகை வரைங்க பார்ப்போம்' என்பேன். ஐந்து நிமிடத்தில் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சரி, கோணம். உதடு கிடைமட்டத்துக்கு நெருங்கி, உடம்பின் நீளவாட்டிலேயே முன்னால் நீண்டிருந்தால் மீன் ஆழமாக முக்குளிக்கும். செங்குத்துக்கு நெருங்கித் தொங்கினால் ஆழம் போகாது, மேலாகவே அகலமாக ஆடும். ஓடும் நீர் உதட்டின் மேல் மோதித் தலையைக் கீழே அழுத்துவதும், உதட்டின் இரு விளிம்புகளிலும் மாறி மாறிச் சுழல்வதும் சேர்ந்து இந்த ஆட்டத்தைத் தருகின்றன. இங்கே ஒரு சிக்கல் உண்டு. '30 பாகை உதடு' என்று ஒருவர் சொன்னால் எந்தக் கோட்டிலிருந்து 30? உடம்பின் நீளக் கோட்டிலிருந்தா, அதற்குச் செங்குத்தான கோட்டிலிருந்தா? ஒருவருடைய 30 இன்னொருவருடைய 60. மீனும் வேறு மீனாகிவிடும். நிரப்புக் கோணம் என்பது கோடிட்ட இடத்தை நிரப்புவதற்காக மட்டும் ஏற்பட்டதில்லை என்று பிள்ளைகளுக்குப் புரிவது இந்த இடத்தில்தான்.

எங்கள் வகுப்பில் ஒரே வழக்கம் வைத்திருக்கிறோம். அடிவிளிம்பிலிருந்து அளக்க வேண்டும். 'நடுக்கோட்டிலிருந்துதானே சார் அளக்கணும்?' என்று ஒரு குரல் எப்போதும் வரும். நடுக்கோடும் அடிவிளிம்பும் இணை. காடிக் கோடு குறுக்குவெட்டி. ஒத்த கோணங்கள் சமம். எனவே எங்கே அளந்தாலும் ஒன்றுதான். இதைக் கரும்பலகையில் நான் எத்தனையோ ஆண்டுகளாக எழுதியிருக்கிறேன். அதைக் கேட்டு 'ஓ!' என்று ஒரு பிள்ளை சொன்னது கட்டையைக் கையில் வைத்திருந்த நாளில்தான்.

இப்போது எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த இடம். மூக்கிலிருந்து 12 மி.மீ. தள்ளி அடிவிளிம்பில் ஒரு புள்ளி. அங்கிருந்து பின்னோக்கி மேலேறும் 35 பாகைக் கோடு, 10 மி.மீ. நீளம். இடப்பக்க முகத்தில் வரைந்தாயிற்று. கட்டையைத் திருப்பி வலப்பக்க முகத்தில் இதையே வரைய வேண்டும். இங்கே பாதி வகுப்பு மாட்டிக்கொள்ளும். இடப்பக்கம் பார்க்கும்போது மூக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. கோடு வலப்புறமாக மேலேறியது. திருப்பினால் மூக்கு வலக்கைப் பக்கம் வந்துவிடும். கோடு இடப்புறமாக மேலேற வேண்டும். முன்பு கோணமானியின் எந்த எண்வரிசையில் 35ஐப் பார்த்தார்களோ, இப்போது அடுத்த வரிசையில் பார்க்க வேண்டும். பழக்கத்தில் பழைய வரிசையையே பார்த்தவர்களுக்குக் கோடு 145 பாகையில் மூக்கை நோக்கி ஓடியிருக்கும். ஒன்று பின்னால், ஒன்று முன்னால். இரண்டு கோட்டையும் இணைத்து ரம்பம் எப்படிப் போகும்?

கோணமானியில் ஏன் இரண்டு எண்வரிசை இருக்கிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'இரண்டில் ஒன்றைப் பார்க்கணும் சார்' என்பதுதான் பெரும்பாலான பதில். எது என்று கேட்டால் ஊகம். விடைத்தாளில் ஊகம் தவறினால் சிவப்பு மையில் ஒரு சுழி விழும், அதோடு சரி. கட்டையில் தவறினால் அது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. யாரும் திட்ட வேண்டியதில்லை. உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி வரையலாம்.

இரு பக்கமும் வரைந்த பிறகு ஒரு சரிபார்ப்பு. மூலைமட்டத்தை அடிமுகத்தில் வைத்து, இடப்புள்ளியிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் அது வலப்புள்ளியில் போய் முடிய வேண்டும். முடியாவிட்டால் இரண்டில் ஒன்று தவறு. எது தவறு என்று கண்டுபிடிப்பது அவர்கள் பாடு.

அறுப்பதற்கு ஆக்ஸா பிளேடு மட்டும்தான். பிடிக்கும் முனையில் துணி சுற்றியிருக்கும். மின் ரம்பம் எந்தக் காரணத்துக்காகவும் வகுப்புக்குள் வரக்கூடாது. கட்டையை மேசையோடு பிடிகருவியால் இறுக்கிவிட வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு அறுக்கக் கூடாது. 35 பாகையில் சீவிய ஒரு ஆப்பை ரம்பத்துக்குச் சாய்மானமாக வைத்துக்கொண்டால் பிளேடு வழி தவறாது. இங்கே இருவர் வேண்டும். அறுப்பவருக்குத் தன் பக்கத்துக் கோடு மட்டும்தான் தெரியும். மறுபக்கக் கோட்டை எதிரே இருப்பவர்தான் பார்த்து, 'கொஞ்சம் தூக்கு, இப்ப சரி' என்று சொல்ல வேண்டும். குழுச் செயல்பாடு என்று பாடத்திட்டத்தில் எழுதிக் காட்டுவதற்காக நான்கு பேரை வட்டமாக உட்கார வைக்கிறோமே, அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே பார்க்கலாம். வேலைக்கே இன்னொருவர் தேவைப்படுகிறார்.

காடியின் அகலம் இன்னொரு பாடம். உதட்டுக்கு நாங்கள் பழைய சிடியைப் பயன்படுத்துகிறோம். சிடி என்பது பாலிகார்பனேட் தட்டு, தடிமன் 1.2 மி.மீ. சந்தேகமிருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெர்னியர் அளவியைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஆய்வகப் பதிவேட்டில் கோலியின் விட்டத்தை எழுதிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு மாற்று. ஒற்றை பிளேடு அறுக்கும் காடி சிடிக்குச் சற்று இறுக்கமாக இருக்கும். அடித்துச் செருகினால் மரம் நீளவாட்டில் பிளந்துவிடும். இரண்டு பிளேடை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அறுத்தால் தொளதொளவென்று ஆகி, பசை காய்வதற்குள் உதடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒற்றை பிளேடால் அறுத்து, மெல்லிய தகட்டில் உப்புத்தாளைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அகலப்படுத்துவதே நல்லது. உதடு விரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். கவிழ்த்துப் பிடித்தால் தானாக விழக் கூடாது. சிடியைப் பிள்ளைகள் வெட்டக் கூடாது. உடைந்தால் கூரான சில்லு தெறிக்கும். வீட்டில் கண்ணாடி அணிந்துகொண்டு நானே வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்துக் கொண்டுவருகிறேன்.

காடியின் ஆழம் 10 மி.மீ. என்றேன். தாடையைச் செதுக்கும்போது அதில் இரண்டு மூன்று மி.மீ. போய்விடும். அதையும் கணக்கில் வைத்துத்தான் 10. செதுக்கி முடித்து, காடியின் உள்பக்கம் உட்பட எல்லா இடத்திலும் வார்னிஷ் அடிக்க வேண்டும். காடிக்குள் விட்டுவிட்டால் தண்ணீர் குடித்து மரம் உப்பும். கடைசியில் அரால்டைட் கலந்து உதட்டை ஒட்டுவது. எடைக்கு வயிற்றில் ஒரு இரும்புத் திருகு. ஈயம் வேண்டவே வேண்டாம். தூண்டில் முள் பள்ளிக்குள் வரவே கூடாது. நூல் கட்ட மூக்கில் ஒரு வளையம் போதும்.

பிறகு தண்ணீர். எங்கள் பள்ளித் தோட்டத்தில் நீளமான சிமெண்ட் தொட்டி இருக்கிறது. கம்பு நுனியில் நூல் கட்டி, மீனைத் தொட்டியில் விட்டு, ஓரமாக நடக்க வேண்டும். சில மீன்கள் நேராக ஓடி அழகாக ஆடும். சில ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் போய் முட்டும். சில பம்பரமாகச் சுழலும். மூக்கு வளையத்தை, மீன் விலகி ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கமாக மயிரிழை வளைத்தால் சிறிய விலகல் சரியாகும். பெரிய விலகலுக்கு அது மருந்தில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி செய்த மீன், வளையத்தை எவ்வளவு வளைத்தும் இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதை வாங்கி, மூக்கு தன்னை நோக்கி இருக்கும்படி கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, 'சார், வாய் கோணியிருக்கு' என்றான். அளந்தோம். காடி இடப்பக்கம் 12 மி.மீட்டரிலும் வலப்பக்கம் 13 மி.மீட்டரிலும் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு மி.மீ. கட்டையின் அகலம் 16. டேன்ஜென்ட் மதிப்பு பதினாறில் ஒன்று. கோணம் ஏறக்குறைய 3.6 பாகை. அந்த வார முக்கோணவியல் பாடத்தைப் பத்தாம் வகுப்புக்கு நான் அந்த மீனை வைத்துத்தான் நடத்தினேன்.

அந்த மாணவன் எங்கள் பதிவேட்டில் மெல்லக் கற்போர் பட்டியலில் இருப்பவன். இதைச் சொன்னவுடன், அவன் அடுத்த தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தான் என்று நான் முடிப்பேன் என எதிர்பார்ப்பீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. செய்முறை வடிவியல் வினாவை முழுமையாக வரைந்திருந்தான். இயற்கணிதப் பகுதி பழையபடிதான். வீட்டில் தேவை வந்தால் கடலுக்குப் போய்விடுகிறான். இப்போது பத்தாம் வகுப்பு. இன்னும் நாட்கள் தவறுகின்றன. ஏழாம் வகுப்புக்குக் கோணமானி சொல்லிக்கொடுக்க அவனை அனுப்புகிறேன். அந்த நாளில் மட்டும் தவறாமல் வருகிறான்.

அவனுடைய அப்பா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். என்னைவிட மூத்தவர். மரமீனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மீனு, வலை எல்லாம் அவன் எங்கிட்டயே கத்துக்குவான். அதுக்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்? நீங்க பாடத்தைச் சொல்லிக்கொடுங்க' என்றார்.

அவர் கேட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1953இல் இந்த மாநிலத்தில் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் வந்து, குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பி, 1954இல் கைவிடப்பட்டது நமக்கெல்லாம் தெரியும். ஆண்டும் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் தெரியும். கைவேலை என்ற பெயரில் தன் பிள்ளையைத் தன் படகிலேயே திருப்பி ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சம். கைவேலையைப் பற்றி மேடையில் பேசும் நாம் இதை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது.

நான் அவரிடம், 'அண்ணே, இதை உங்க பையன் மட்டும் செய்யல. கிராம நிர்வாக அலுவலர் மகளும் செய்யுது, கடைக்காரர் மகனும் செய்யறான். இது மீன் பிடிக்க இல்ல, கோணம் பிடிக்க' என்று சொல்லி, அவன் கணித நோட்டைக் காட்டினேன். கட்டையில் வரைந்த அதே கோடு நோட்டிலும் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். 'அப்ப இது பரீட்சையில வருமா?' என்று கேட்டார். 'கோணம் வரும்ணே, மீன் வராது' என்றேன். சிரித்துவிட்டுப் போனார். முழுச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். கட்டையில் செய்த எதுவும் அன்றே நோட்டில் எண்ணாகவும் படமாகவும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு. அந்தத் தந்தையிடம் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கணக்கு இதுதான். குறிப்பதற்கு ஒரு பாடவேளை, அறுத்துத் தேய்க்க இரண்டு, செதுக்க வீட்டில் உப்புத்தாள், தொட்டியில் சோதிக்க ஒன்று. மொத்தம் நான்கு. இணைகோடுகளையும் கோணத்தையும் நான் எப்படியும் நான்கு பாடவேளை நடத்துவேன். நடுநிலை வகுப்புக்காரர்கள் வானவில் மன்றத்து நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ரம்பத்தைத் தொடவே வேண்டாம். சோப்புக் கட்டியிலும் உருளைக்கிழங்கிலும் கோடு மட்டும் வரையட்டும். இரு பக்கமும் வரைந்து, கோடுகள் அடியில் சந்திக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

பேச்சு நீண்டுவிட்டது. பின்மேசையில் கட்டைகள் அடுக்கியிருக்கின்றன, ஆளுக்கு ஒன்று. பிளேடும் பிடிகருவியும் பாதிதான், இருவருக்கு ஒன்று. கோணமானி கொண்டுவரச் சொல்லியிருந்தேனே, எடுங்கள். மூக்கு எந்தப் பக்கம் என்று முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அறுப்பது தேநீர் இடைவேளைக்குப் பிறகு.